சொறிகிற நாய்க்குட்டியும் நாங்களும்



இந்த மாதம் ஒரு நாய்க்குட்டியைப் பற்றி எழுதப்போகிறேன். வாழ்வாதாரம், காணி உறுதி, வாரக்கடன் என்று எழுதிக்கொண்டிருந்தவளுக்கு என்ன நடந்தது என்று சிலர் யோசிக்கக்கூடும். ஆனால் வீட்டுத் தரிசிப்புக்குப் போகிற இடங்களில் என்னிடம் இதைக் கேட்ட பெண்கள் கொஞ்சப்பேர் அல்ல. கூட்டத்தில் ஒருவரும் கேட்கமாட்டார்கள். கூட்டம் முடிந்து நான் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது படலையடியில் வைத்துத்தான் கேட்பார்கள். "மிஸ், சிரிக்கக்கூடாது. எங்கட நாய்க்குட்டி ராவு முழுக்கச் சொறியுது. என்ன செய்யிறது?"

நான் சிரிப்பதில்லை. ஆம்பிளை இல்லாத வீட்டில் நாய் எதற்கு நிற்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வேலி அரைவாசி, கதவுக்குச் சரியான கொண்டி கிடையாது, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வேறு வீடு இல்லை. அப்படியான இடத்தில் இரவில் யாராவது வளவுக்குள் கால் வைத்தால் முதலில் சத்தம் போடுவது அதுதான். அந்த நாய்க்கு வருத்தம் வந்தால் வீட்டுக்காரிக்கு நித்திரை இல்லை.

நடந்தது 2018 ஆம் ஆண்டு. நான் இந்த வேலைக்கு வந்து ஒரு வருடம் கூட ஆகவில்லை. முல்லைத்தீவு மாவட்டத்தில் காட்டோரமாக உள்ள ஒரு மீள்குடியேற்றக் கிராமத்தில் ஓர் அக்காவின் வீட்டுக்கு மாதம் ஒரு தடவை போய்வருவேன். கணவர் 2009 இல் செல் பட்டு இறந்தவர். இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவளுக்குப் பதின்மூன்று, இளையவளுக்குப் பத்து வயது. அக்கா தோட்டக் கூலிக்கும் கச்சான் காலத்தில் கச்சான் பிடுங்கவும் போவார். அந்த வருடம் இரண்டு தடவை இரவில் யாரோ தகரக் கதவில் தட்டியிருக்கிறார்கள். யார் என்று ஊருக்குத் தெரியும், ஆனால் ஒருவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் அக்கா நாய் வளர்க்க முடிவெடுத்தார்.

வவுனியாவில் அவருடைய ஒன்றுவிட்ட தங்கை வேலைக்குப் போகிற வீட்டில் ரெரியர் கலப்பு நாய் ஒன்று குட்டி போட்டிருந்தது. அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி, சந்தைப் பையில் வைத்து, பஸ்ஸில் கொண்டுவந்தார். உடம்பு வெள்ளை, ஒரு காது மாத்திரம் மண்ணிறம், கட்டை மயிர். பிள்ளைகள் வெள்ளை என்றே பெயர் வைத்தார்கள். ரெரியர் என்பது வளைக்குள் இருக்கிற எலி, நரி போன்றவற்றைத் தோண்டிப் பிடிப்பதற்காக ஆங்கிலேயர் வளர்த்த சாதி. நிலம், மண் என்று பொருள்படும் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. வெள்ளையும் வந்த அன்றைக்கே அடுப்படிச் சாம்பலைக் கிண்டியது, அடுத்த நாள் கத்தரிக் கன்றடியைக் கிண்டியது. இந்தச் சாதியில் பலவற்றுக்குத் தோல் கொஞ்சம் மென்மையானது. மற்ற நாய்க்கு ஒன்றும் செய்யாத கடி இதற்குப் பெரிய அரிப்பாகிவிடும். அது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அடுத்த மாதம் நான் போனபோது குட்டி ஓடிவரவில்லை. முற்றத்தில் இருந்து பின்னங்காலால் விலாவைச் சொறிந்துகொண்டே இருந்தது. நின்றது, இரண்டடி வைத்தது, திரும்ப இருந்து சொறிந்தது. வாலடியில் மயிர் கொட்டித் தோல் சிவந்து கிடந்தது. வயிற்றில் சின்னச் சின்னப் பொக்களங்கள். இளைய பிள்ளையும் கையைச் சொறிந்துகொண்டு நின்றாள்.

"குட்டி வந்து ஒரு கிழமையாலை இவளுக்கும் துவங்கினது மிஸ். பள்ளிக்கூடத்திலை பக்கத்திலை இருக்கிற பிள்ளையள் எழும்பிப் போகுதுகளாம். சொறிநாய் வீட்டுப் பிள்ளை எண்டு சொல்லுதுகளாம்," என்றார் அக்கா.

பக்கத்து வளவு ஐயா ஒருவர், குட்டியை உரப்பையில் போட்டுக் கட்டிச் சந்தையடியில் விட்டுவிடும்படி சொல்லியிருந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பிள்ளையின்ர சுகம்தான் முக்கியம் அக்கா. குட்டியை ஆருக்கும் குடுத்துவிடுங்கோ." ஒரு நிமிடம் கூட யோசிக்காமல் சொன்னேன். நான் படித்தது சமூகவியல். பட்டம் இருந்தால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு அப்போது என்னிடம் இருந்தது. அக்கா ஒன்றும் பேசவில்லை. மூத்தவள் உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாளில் மூத்தவளே அயல் வீட்டுத் தொலைபேசியில் அழைத்தாள். குட்டியை விட மனமில்லாமல், யாரோ சொன்னதைக் கேட்டு அக்கா அதன் உடம்பு முழுக்கக் கழிவு எஞ்சின் ஒயில் பூசியிருக்கிறார். குட்டி அதை நக்கிவிட்டு ஓங்காளித்துக்கொண்டு கிடக்கிறது. அன்று சனிக்கிழமை. என்னுடன் படித்த ஒருத்தியின் தங்கை மிருக வைத்தியம் படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டுக் கேட்டு, இங்கிருந்து நான் சொல்ல, அங்கே பிள்ளை செய்தாள். அதை அப்படியே எழுதுகிறேன். எங்கள் ஊர்களில் இந்த ஒயில் வேலை இன்னும் நடக்கிறது.

முதலில் காய்ந்த பழந்துணியால் ஒயிலை ஒற்றி எடுக்க வேண்டும். உடனே தண்ணீர் ஊற்றக்கூடாது, ஒயில் பரவும். பிறகு தேங்காய் எண்ணெயோ சமையல் எண்ணெயோ தடவினால் ஒட்டியிருக்கிற ஒயில் இளகும். அதையும் துடைத்துவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற திரவம் கொஞ்சம் விட்டு, கண்ணிலும் வாயிலும் படாமல் இரண்டு மூன்று தடவை கழுவ வேண்டும். முடியும் வரைக்கும் நக்கவிடக்கூடாது. நக்கியிருந்தால் உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைப்பார்கள் சிலர். அது மிகவும் ஆபத்து. ஒயில் சுவாசப்பைக்குள் போனால் குட்டி தப்பாது. துவாயால் துடைத்துச் சூடாக வைத்துக்கொண்டு வைத்தியரிடம் போக வேண்டியதுதான்.

திங்கட்கிழமை அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு நானும் போனேன். குட்டி தப்பியிருந்தது. மாடு, ஆடு, கோழிக்கு மட்டும்தான் அந்த அலுவலகம் என்று அக்கா நினைத்திருந்தார். அங்கே வரிசையில் எங்களுக்கு முன்னால் இரண்டு நாய்கள் இருந்தன. உங்கள் பிரதேசத்து அலுவலகம் எங்கே, எந்த நேரம் வைத்தியர் இருப்பார் என்று கிராம அலுவலரிடமோ பால் எடுக்க வருகிறவரிடமோ கேட்டுவைத்துக் கொள்ளுங்கள்.

வைத்தியர் இளம்பெண். அவர் செய்த முதல் வேலையை நாம் எல்லோரும் வீட்டிலேயே செய்யலாம். ஒரு வெள்ளைக் கடதாசியை நனைத்து மேசையில் விரித்து, அதற்கு மேலே குட்டியை நிறுத்தி, வாலடி மயிரைக் கையால் உலுப்பினார். மிளகுத்தூள் மாதிரிக் கறுப்புப் பொட்டுகள் விழுந்தன. கொஞ்ச நேரத்தில் அந்தப் பொட்டுகளைச் சுற்றி ஈரக் கடதாசி செம்மண் நிறமாக ஊறத் தொடங்கியது. வெறும் மண் என்றால் அப்படி ஊறாது. அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். குட்டியிடம் குடித்த இரத்தம்தான் அப்படி வெளியே வருகிறது. பூச்சியைக் கண்ணால் காணாவிட்டாலும் இது போதும்.

பிறகு குட்டியின் முரசைத் தூக்கிப் பார்த்தார். தெள்ளு அதிகமாகக் கடித்தால் சின்னக் குட்டிக்கு இரத்தம் வற்றிவிடும். முரசு இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளிறிப்போய் இருந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். வெள்ளைக்கு அவ்வளவு மோசமில்லை. காது ஓரத்தையும் முழங்கையையும் சுரண்டி, நுணுக்குக்காட்டியில் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் தோலுக்குள் வளைதோண்டி இருந்தாலும் இப்படிச் சொறி வரும். அந்தச் சொறியில் காது ஓரம், முழங்கை, வயிறு ஆகியவற்றில் மயிர் உதிர்ந்து பொருக்குக் கட்டும். காது ஓரத்தை விரலால் தேய்த்தால் நாய் தன்னை அறியாமல் பின்னங்காலை ஆட்டும். வெள்ளை காலை ஆட்டவில்லை. நுணுக்குக்காட்டியிலும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு தடவை தெரியவில்லை என்பதற்காக இல்லையென்று முடிவெடுக்க முடியாது என்றும் அவர் சொன்னார். ஆனால் தெள்ளு இருப்பது உறுதி, புண் இருக்கிற இடமும் தெள்ளுக்கு உரிய இடம். நாய்க்கு வாலடியும் இடுப்பும்தான் அதிகம் பழுதாகும்.

குட்டியை நிறுத்து, எடைக்கு ஏற்றபடி மருந்து தந்தார். தெள்ளுக்கு இப்போது கழுத்துப் பின்புறத்தில் விடுகிற துளி மருந்தும் உண்டு, மெல்லுகிற குளிசையும் உண்டு. எந்த மருந்தானாலும் வயதும் எடையும் சொல்லி வாங்க வேண்டும். குட்டிக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். சில குளிசைகள் ஒத்துவராது. பெரிய நாயின் மருந்தில் பாதியைக் குட்டிக்குக் கொடுக்கிற கணக்கு வேண்டாம். வீட்டில் பூனை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். நாய்க்கு விடுகிற சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும்.

மருந்தோடு வேலை முடியவில்லை. முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். நாயின் உடம்பில் நாம் காண்பது தெள்ளில் ஒரு சிறு பகுதி மாத்திரம். முட்டை நாயின் மயிரில் ஒட்டி நிற்காது, உதிர்ந்துவிடும். நாய் படுக்கிற சாக்கில், கட்டிலுக்குக் கீழே, திண்ணை வெடிப்பில், நிழலான மணலில் அது புழுவாகிக் கூடுகட்டிப் பூச்சியாகிறது. எங்கள் வெக்கைக்கு மூன்று கிழமை அளவில் ஒரு சுற்று முடிந்துவிடும். கூட்டுக்குள் இருப்பது மருந்துக்கும் இலகுவில் சாகாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆகவே குட்டிக்கு மருந்து போட்ட அடுத்த கிழமையும் பூச்சி கண்டால், மருந்து கள்ளமருந்து என்று கடைக்காரருடன் சண்டைக்குப் போகாதீர்கள். அவை புதிதாக வெளியே வந்தவை. மூன்று மாதமாவது விடாமல் மருந்து போட வேண்டும். வளவில் உள்ள மற்ற நாய் பூனைக்கும் அததற்குரிய மருந்து போட வேண்டும்.

வீட்டு வேலையை மூத்தவள் பொறுப்பெடுத்தாள். குட்டி படுத்த சாக்கை எரித்தாள். அதற்குப் பதிலாகப் பழஞ்சீலைத் துண்டு இரண்டு. ஒன்றைக் கொதிதண்ணீரில் அவித்து வெயிலில் போட்டால் மற்றதில் குட்டி படுக்கும். கிழமைக்கு ஒரு தடவை மாற்றினாள். நிழலான இடமெல்லாம் தினமும் தும்புத்தடியால் கூட்டி, குப்பையை மூலையில் சேர்த்து வைக்காமல் எரித்தாள். தெள்ளுப் புழு வெயிலுக்கும் காய்ச்சலான மண்ணுக்கும் தாங்காது. ஆகவே கட்டில், பாய், பெட்டி எல்லாவற்றையும் ஒருநாள் முற்றத்துக்கு எடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். இந்த விஷயத்தில் எங்கள் வெயில் காசில்லாத மருந்து.

குளிக்க வார்ப்பதில் அக்காவுக்குச் சந்தேகம் இருந்தது. "ஒவ்வொருநாளும் சோப் போட்டுக் குளிப்பாட்டினனான் மிஸ், கூடத்தான் சொறிஞ்சது" என்றார். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தைப் போட்டிருக்கிறார். நாயின் தோல் எங்களுடையதைவிட மெல்லியது. தோய்க்கிற சவர்க்காரம் அதில் உள்ள எண்ணெய்ப்பசையை எடுத்துவிட, தோல் வறண்டு இன்னும் அரிக்கும். நாய்க்குரிய ஷாம்பு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் குழந்தைக்குப் போடுகிற மென்மையான ஷாம்பு கொஞ்சம் போதும். கிழமைக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். தண்ணீர் சூடாக இருக்கக்கூடாது, சூடு பட்டால் அரிப்புக் கூடும். முதலில் கழுத்தைச் சுற்றி நுரை போட்டுவிட்டுப் பிறகு உடம்பை நனையுங்கள். அல்லது தெள்ளெல்லாம் முகத்துக்கு ஓடிப்போய்க் காதுக்குள் இருந்துகொள்ளும். நுரையோடு ஐந்து நிமிடம் வைத்திருந்து, சவர்க்காரம் ஒரு பொட்டும் மிஞ்சாமல் அலசுங்கள். கழுத்தில் விடுகிற துளி மருந்து என்றால், போடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டாமல் விடுங்கள்.

குளிப்பாட்டாத நாட்களில் இளையவள் பேன்சீப்பை எடுத்துக்கொண்டு இருந்துவிடுவாள். வாலடியிலிருந்தும் கழுத்திலிருந்தும் வாரி, வருகிற பூச்சியை நகத்தில் நசிக்காமல் சவர்க்காரத் தண்ணீர்ப் பேணிக்குள் தட்டுவாள். முதல் நாள் இருபத்தேழு, அடுத்த நாள் பத்தொன்பது என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். கணக்குப் பாடத்தில் அந்தளவு அக்கறை இல்லாத பிள்ளை.

அரிப்பு அடங்கும் வரைக்கும் குட்டி தன்னைத்தானே கடித்துப் புண்ணாக்கும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சிவந்த இடத்தில் ஐந்து பத்து நிமிடம் வைத்தால் சுகம் தெரியும். பின்னங்கால் நகத்தின் நுனியை மட்டும் வெட்டிவிடலாம். உள்ளே சிவப்பு நரம்பு தெரியும், அதில் படக்கூடாது. பிள்ளையின் பழைய பெனியனை முன்னங்கால் இரண்டும் கைக்குள்ளால் வரும்படி போட்டுவிட்டால் விலாவையும் முதுகையும் சொறிய முடியாது. புண்ணில் சீழ் கட்டினாலோ மணத்தாலோ அது கிருமி தொற்றியதன் அடையாளம். அதற்கு வைத்தியர் தருகிற வேறு குளிசை வேண்டும்.

வேப்பிலை அவித்த தண்ணீரை நன்றாக ஆறவைத்து ஊற்றலாமா என்று கேட்பீர்கள். ஊற்றலாம், தீங்கில்லை, அதை நம்பி மருந்தை மாத்திரம் விட்டுவிடாதீர்கள். வேப்பெண்ணெயை அப்படியே பூச வேண்டாம். கற்றாழையும் வேண்டாம், நாய் நக்கும், அந்த மஞ்சள் பால் வயிற்றால் போக வைக்கும். மண்ணெண்ணெய், கழிவு ஒயில், தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து, மாட்டு உண்ணிக்குத் தெளிக்கிற மருந்து ஆகியவை குட்டிக்கு நஞ்சு. வீட்டில் மிச்சமாகக் கிடக்கிற சொறிக் கிறீமையும் போடாதீர்கள். அதில் பலவற்றில் ஸ்ரெறொயிட் உண்டு. சிவப்பு இரண்டு நாள் மறையும், உள்ளே சிற்றுண்ணியோ படர்தாமரையோ இருந்தால் அது பரவும். பனடோலும் கொடுக்க வேண்டாம்.

இதெல்லாம் ஒழுங்காக நடந்தது. இரண்டாவது கிழமை குட்டியின் சொறிதல் பாதியாகக் குறைந்தது. ஆனால் இளைய பிள்ளையின் அரிப்புக் குறையவே இல்லை.

மூன்றாவது தடவை நான் போனபோதுதான் அவளுடைய கையை ஒழுங்காகப் பார்த்தேன். வெட்கப்பட்டுக் கையை மடிக்குள் வைத்திருந்தாள். தெள்ளு கடித்தால் பெரும்பாலும் கணுக்காலிலும் முழங்காலுக்குக் கீழேயும்தான் தடிப்பு இருக்கும். இவளுக்குக் காலில் ஒன்றுமே இல்லை. விரல் இடுக்குகள், மணிக்கட்டு, இடுப்பைச் சுற்றி. பகலில் பரவாயில்லை, இரவில் பாயில் படுத்தால் தாங்க முடியாத அரிப்பு. அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டொக்டர் பார்த்தவுடன் சிரங்கு என்றார், அவர்கள் ஸ்கேபிஸ் என்று சொல்வது. அது மனிதரிலிருந்து மனிதருக்கு வருகிற சிற்றுண்ணி. நாயின் சிற்றுண்ணி வேறு வகை. அதுவும் எங்களுக்குத் தொற்றிச் சில நாள் அரிக்கும், ஆனால் எங்கள் தோலில் அதனால் பெருக முடியாது. நாய் சுகமானால் எங்களுக்கும் தானாக மாறிவிடும்.

"ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு முதல் பிள்ளை எங்கேயாவது போய்ப் படுத்ததா?" என்று டொக்டர் கேட்டார். அக்கா யோசித்தார். பெரியப்பா வீட்டு அந்தியேட்டிக்குப் போய் ஐந்து நாள் நின்றிருக்கிறார்கள். பிள்ளைகள் எல்லாம் ஒரே பாயில் படுத்தார்கள். முதன்முதலாகச் சிரங்கு தொற்றுகிறவருக்கு நான்கு முதல் ஆறு கிழமைக்குப் பிறகுதான் அரிப்புத் தொடங்கும். அரிப்புத் தொடங்கியது குட்டி வந்த ஒரு கிழமையில். அப்படியென்றால் குட்டி வருவதற்கு முதலே அது பிள்ளையிடம் இருந்திருக்கிறது. எல்லோரும் குட்டியைத்தான் குற்றம் சொன்னோம், அதில் நானும் சேர்த்தி.

டொக்டர் அக்காவைப் பார்த்து, "உங்களுக்கு அரிப்பு இல்லையோ?" என்றார். அக்கா இல்லை என்று தலையாட்டினார். வெளியே வந்து மர நிழலில் நின்றபோது, என் முகத்தைப் பார்க்காமல் மெல்லச் சொன்னார். "இருக்கு மிஸ். நெஞ்சுக்குக் கீழை, இடுப்பிலை. உள்ளுக்கை ஆம்பிளை டொக்டர். எப்படிச் சொல்லுறது?"

பிறகு சொன்னார். 2009 இல் செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் இருந்தபோது இளையவள் கைக்குழந்தை. ஒரு கூடாரத்துக்குள் மூன்று குடும்பம். குளிக்கத் தண்ணீர் இல்லை. அப்போதும் உடம்பு முழுக்கச் சிரங்கு வந்ததாம். வரிசையில் நிற்கும்போது சொறிந்ததைக் கண்டு ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதை அவர் மறக்கவில்லை. "ஊருக்கு வந்து வீடும் கட்டின பிறகு திரும்பவும் சொறி எண்டு சொல்ல வாய் வரேல்லை மிஸ்." நான் அக்காவை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பெண் தாதி ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் பார்த்து, டொக்டரிடம் சொல்லி, மூன்று பேருக்கும் சேர்த்து மருந்து வாங்கித் தந்தார். காசு எடுக்கவில்லை.

உங்களில் யாராவது இதை வாசித்துக்கொண்டே இடுப்பைச் சொறிந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள். அழுக்கால் வருவது அல்ல அது. ஒரே பாயில் படுத்தால் யாருக்கும் வரும். குடும்பநல உத்தியோகத்தரிடம் தனியாகச் சொல்லலாம். கிளினிக்கில் பெண் வைத்தியர் இருக்கிற நாளை அவரே சொல்லுவார். பெர்மெத்ரின் என்ற கிறீமைக் கழுத்திலிருந்து பாதம் வரை, விரல் இடுக்கு, நகத்தடி, தொப்புள் எதையும் விடாமல் இரவில் பூசி, எட்டுத் தொடக்கம் பதினான்கு மணித்தியாலம் வைத்திருந்து கழுவ வேண்டும். ஒரு கிழமையால் இன்னொரு தடவை. அரிப்பு உள்ளவர், இல்லாதவர் என்று பார்க்காமல் வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே இரவில் பூச வேண்டும். பலர் தவறுவது இதில்தான். கர்ப்பிணி என்றாலோ கைக்குழந்தை இருந்தாலோ முதலில் வைத்தியரிடம் கேளுங்கள். பாவித்த உடுப்பையும் விரிப்பையும் கொதிதண்ணீரில் தோய்த்து வெயிலில் போடுங்கள். தோய்க்க முடியாததைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி மூன்று நாளுக்கு மேல் வைத்தால் போதும். பூசிய பிறகும் இரண்டு மூன்று கிழமை அரிப்பு இருக்கும், பயப்பட வேண்டாம். மனிதருக்குத் தந்த அந்தக் கிறீமை நாய்க்குப் பூச வேண்டாம்.

அந்தியேட்டி வீட்டுக்கும் சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. யார் யாருக்குக் கொடுத்தது என்ற கதை அங்கே தொடங்கிவிட்டது. அதை எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

நாய்க்குட்டிக்கு வேறு காரணங்களும் உண்டு. கண்ணைச் சுற்றியும் வாய் ஓரத்திலும் மயிர் வட்டமாக உதிர்ந்து, ஆனால் அரிப்பு அதிகம் இல்லாவிட்டால், அது தாயிடம் பால் குடிக்கும்போது வருகிற இன்னொரு சிற்றுண்ணியாக இருக்கலாம். அது எங்களுக்குத் தொற்றாது. சின்ன வட்டம் என்றால் பெரும்பாலும் தானாக மாறும், பரவினால் காட்டுங்கள். ஓரம் செதிளாக வட்டம் வட்டமாக வந்தால் படர்தாமரை. அது பிள்ளைகளுக்கும் தொற்றும். மலவாசலைச் சுற்றி அரிசி போலச் சின்னதாக ஏதும் ஊர்ந்தால் நாடாப்புழு. தெள்ளை விழுங்குவதால்தான் அது வருகிறது, தெள்ளுக்கும் புழுவுக்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். போன கையோடு விசர்நாய்த் தடுப்பூசி எப்போது போடுவது என்றும் கேட்டு எழுதிவையுங்கள். இவ்வளவும் செய்தும், பூச்சி ஒன்றுமே இல்லாமல், வருடாவருடம் குறிப்பிட்ட காலத்தில் காலையும் காதையும் சொறிந்தால் அது ஒவ்வாமை. ரெரியர் சாதிக்கு அது அடிக்கடி வரும். முற்றாக மாறாது, கட்டுப்படுத்தலாம்.

வெள்ளைக்கு அதுவும் இருக்கிறது. கச்சான் காற்றுக் காலத்தில் இன்றைக்கும் கால் விரலை நக்கிக்கொண்டு இருக்கும். அந்த நாட்களில் மூத்தவள் வெளியே போய்வந்தவுடன் அதன் நான்கு காலையும் ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். வயது போய்விட்டது, காதும் கொஞ்சம் மந்தம் என்கிறார் அக்கா. எனக்கு அப்படித் தெரியவில்லை. போன மாதமும் நான் படலையில் கை வைத்தவுடன் குரைத்துக்கொண்டு ஓடிவந்தது. இத்தனை வருடம் போய்வந்தும், அக்கா வந்து "மிஸ்தானே, விடு" என்று சொல்லும் வரைக்கும் அது என்னை உள்ளே விடவில்லை.